ஒன்றுகூடப் பாக்கியில்லை

“நான் ஒரு தூக்கம் போட்டு எழுந்திருக்கறதுக்குள்ள என் வேலையெல்லாம் தானா முடிஞ்சிருச்சு! பலகைல ஒண்ணுகூடப் பாக்கி இல்ல!”

கையேட்டுக்காரர் வாசலிலேயே வழிமறித்து அறிவித்தார். பல் மருத்துவமனை வரவேற்பு மேசையில் நாள் முழுக்க ஊரார் வாயைச் சமாளித்துவிட்டு வந்த மனைவி, செருப்பைக்கூடக் கழற்றாமல் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“வெயில்ல எங்கயாவது போனீங்களா?”

துணி துவைக்கும் இயந்திரம், தூசி உறிஞ்சும் இயந்திரம் இவற்றோடு வரும் கையேடுகளை வீட்டிலிருந்தபடியே எழுதித் தருவதுதான் அவர் உத்தியோகம். ‘முதலில் மின் இணைப்பைக் கொடுக்கவும்’ என்று உலகத்துக்கே வரிசை சொல்லிக் கொடுக்கும் மனிதருக்கு, தன் வேலையை எந்த வரிசையில் செய்வதென்று மட்டும் பிடிபடவே இல்லை.

அதற்காக அவர் இறக்கிப் பார்க்காத செயலி இந்தப் பூமியில் கிடையாது. ஒன்றில் வண்ணம் போதாது. இன்னொன்றில் மணியோசை மனதைப் புண்படுத்தும். ஒன்றிலிருந்து அடுத்ததற்குக் குடிமாற்றிக் குடிமாற்றியே சில வேலைகளுக்கு நரை விழுந்துவிட்டது. சுவரெல்லாம் ஒட்டுத்தாள் ஒட்டிய காலத்தில், மின்விசிறியைப் போட்டால் வீடே சிறகடித்துக் கிளம்பிவிடும் போலிருக்கும்.

மனைவிக்கு அந்த வம்பே இல்லை. செய்ய வேண்டியதைப் பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொள்வாள். கை கழுவுவதற்குள் முடித்துவிடுவாள்.

போன வாரம் மேலாளர் அம்மா கணினித் திரையில் வந்து, சிரிக்காமல் சொல்லிவிட்டுப் போயிருந்தார். “வெள்ளிக்கிழமைக்குள்ள உங்க பலகை காலியாகணும் சார். இதுதான் கடைசி.”

பலகை என்பது அலுவலகக் கணினியில் அவரவர் வேலை அட்டை அட்டையாகத் தொங்கும் இடம். இவர் பெயருக்குக் கீழே தொங்கியதைப் படித்துக்கொண்டே இறங்கினால் பூமியின் மறுபக்கம் வெளியே வரலாம். பல் டாக்டரோ அடுத்த மாதத்தோடு கடையைக் கட்டுகிறார். அதற்கப்புறம் வீட்டுக்கு மிஞ்சப்போவது இவருடைய உத்தியோகம் ஒன்றுதான்.

இன்று வெள்ளிக்கிழமை.

“காட்டுங்க பாக்கலாம்,” என்றாள்.

காட்டினார். கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தது பலகை. மூலையில் அவருடைய படம் மட்டும் சின்ன வட்டத்துக்குள் இருந்தது.

“உங்க மூஞ்சி ஏன் இப்படிச் சாம்பல் பூத்துக் கிடக்கு?”

“எல்லாத்தையும் முடிச்சவங்களுக்கு அப்படி ஒரு மரியாதை போல. நான் மட்டும் பளபளன்னு இருந்தா மத்தவங்க மனசு நோகாதா?”

“வழக்கம்போல ‘அப்புறம் பாக்கலாம்’னு ஒரு பெட்டி செஞ்சு, எல்லாத்தையும் அதுல தள்ளிட்டீங்களா?”

“இல்லவே இல்ல.”

“அழிச்சிட்டீங்களா?”

“உன்மேல சத்தியமா இல்லடி!”

“என்மேல எதுக்கு? துணிச்சல் இருந்தா உங்கமேல பண்ணுங்க.”

“சரி, என்மேல சத்தியம்! கேளு. இந்த வாரம் முழுக்க நான் ஒரு வரிகூட எழுதல.”

“அது தெரிஞ்ச கதைதானே.”

“வாரம் முழுக்க உக்காந்து அத்தனை ஏ.ஐ. இயந்திர மூளையையும் ஒப்பிட்டுப் பாத்தேன். மத்தியானம் ஒண்ணைப் பிடிச்சுப் பலகையோட கோத்துவிட்டேன். ‘முடிச்சுக் கொடு’ன்னு ஒரே ஒரு கட்டளை! கவனம் சிதறக்கூடாதுன்னு போனைக் காலுறைக்குள்ள சுருட்டி, அலமாரிக்குள்ள போட்டுட்டுப் படுத்தேன். எழுந்து பாத்தா சுத்தம்!”

அவள் விடவில்லை. மேலே தேடினாள், கீழே தேடினாள், கணினியின் குப்பைத்தொட்டியைக்கூடக் கவிழ்த்துப் பார்த்தாள். ஒரு அட்டைகூட அகப்படவில்லை. இந்த மனுஷன் நிஜமாகவே தப்பித்துவிட்டாரோ?

“காபி போடறேன், இருங்க,” என்று அவள் எழுந்தபோது, அவள் கைபேசி அடித்தது.

“ஆமாங்க, அவர் மனைவிதான் பேசறேன்… எடுத்திருக்க மாட்டாரு, அது காலுறைக்குள்ள இருக்கு… ம்… அட்டையெல்லாம் வேற ஆளுக்கு மாத்தியாச்சா?… ம்… எத்தனை மணிக்கு?… சரிங்க.”

பேச்சோடு பேச்சாக அவள் கை தானாகப் பேனாவை எடுத்து, உள்ளங்கையில் எதையோ குறித்துக்கொண்டது.

“யாரு?”

“உங்க ஆபீஸ்தான். மத்தியானத்துலேருந்து உங்களைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்களாம். லேப்டாப்பை எடுத்துட்டுப் போக நாளைக்குக் காலையில ஆள் வருதாம்.”

கையேட்டுக்காரர் துள்ளிக் குதித்ததில் நாற்காலி இரண்டடி பின்னால் போனது.

“பாத்தியா! புதுசு தரப்போறாங்க! இப்பவாவது ஒத்துக்கோ, நான் இவ்வளவு நேரமும் கதை அளந்தேனா? பலகை காலியா இல்லையா?”

அவள் அந்த உள்ளங்கையை இறுக மூடிக்கொண்டு, அவர் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தாள்.

“ஒத்துக்கறேங்க… உங்களுக்கு ஒரு வேலையும் இல்ல.”