மூன்றாவது ஆள்

சட்டையை விரித்துப் பிடித்தபடி கணவன் ஹாலுக்கு வந்தான்.

முதுகுப் பக்கம் இஸ்திரிப் பெட்டியின் வடிவில் பழுப்பாக ஒரு தடம்.

அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. நேயன் எங்கே என்று பார்த்தாள்.

சோபாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தது. ஆள் உயர ரோபோ. வீட்டில் வைத்துப் பழக்கிப் பார்க்கச் சொல்லி, அவன் வேலை செய்யும் கம்பெனி கொடுத்து மூன்று மாதம் ஆகிறது.

மூன்று மாதமாக அவள் உடம்பில் புதுக் காயம் இல்லை.

வந்த வாரமே அவன் கை ஓங்கினான். நேயன் தலையைத் திருப்பி அவனைப் பார்த்தது. அவ்வளவுதான். ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல், பின்கழுத்தைச் சொறிந்துகொண்டு அவன் வெளியே போய்விட்டான்.

அன்றிலிருந்து அவள் அதை விட்டு நகரவில்லை. காய் நறுக்கும்போது பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். மொட்டைமாடிக்குத் துணி எடுத்துப் போனாலும் கூட்டிப் போனாள். வாப்பா, நில்லுப்பா என்று பேசப் பழகினாள்.

அதுவும் பழகியது.

கையிலிருந்த பழைய தழும்பைக் கீழ்வீட்டு அம்மாள் விசாரித்தபோது, பாத்ரூமில் வழுக்கிவிட்டதாக அவள் சிரித்துக்கொண்டே சொன்னதையும் பக்கத்தில் நின்று கேட்டது.

அவன் சட்டையைத் தரையில் எறிந்தான்.

"நாளைக்கு மீட்டிங்குக்கு என்னத்தப் போட்டுட்டுப் போறது?"

அவள் பின்னால் நகர்ந்தாள். சுவர் முதுகில் இடித்தது.

அவன் கை மேலே போனது.

"நேயா, இங்க வாயேன்."

அவள் கூப்பிட்டாள்.

நேயன் தலையைத் திருப்பியது. அவளைப் பார்த்தது. பிறகு அவனைப் பார்த்தது.

அவன் கை அந்தரத்தில் நின்றது.

மூன்று பேரும் அசையவில்லை.

நேயன் நடக்கத் தொடங்கியது. அவளுக்கு மூச்சு திரும்பியது.

அவளைத் தாண்டிப் போனது. அவனையும் தாண்டிப் போனது.

ஜன்னலின் ஒரு கதவைச் சாத்தியது. மற்றொன்றைச் சாத்தியது. கொக்கியை மாட்டியது.

"வெளிய கேக்கும்," என்றது தணிந்த குரலில்.

அவன் முகத்தில் முதலில் திகைப்பு. அப்புறம் அதுவும் இல்லை.

நேயன் பால்கனிப் பக்கம் திரும்பியது. அந்தக் கதவு இன்னும் திறந்துதான் இருந்தது. கீழே தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

அது ஓர் அடி எடுத்து வைத்தது.

அவள் வாயைத் திறந்தாள்.