நூற்றெட்டுத் தேங்காய்

மங்கையர்க்கரசி வேலை பார்த்த மதுரைக் கம்பெனிக்குத் திங்கட்கிழமை காலை கணினி நிரல்மொழியின் புதிய பதிப்பு வந்து சேர்ந்தது. இனிமேல் கட்டளைகளை மட்டுமல்ல, நிரலுக்கு நடுவே ஆட்கள் தமக்காக எழுதிவைக்கும் குறிப்புகளையும் அது படித்து நிறைவேற்றுமாம்.

பத்து மணிக்குக் காணொளிக் கூட்டம். மேலாளர் தெய்வநாயகம் வாயைத் திறந்தார், சத்தமே வரவில்லை. மற்றவர்கள் பேச்செல்லாம் கணீரென்று கேட்டது. அவருடைய செல்பேசியும் அப்படியே ஊமையாகிவிட்டது.

அந்த நேரத்தில் வாசலிலிருந்து காவலாளி மங்கையர்க்கரசியைக் கூப்பிட்டார். "மேடம், உங்க பேர்ல ஒரு வண்டி தேங்கா வந்திருக்கு. எங்க இறக்கச் சொல்ல?"

தீபாவளி விடுப்பை மேலாளர் மறுத்த கோபத்தில், மூன்று வருடத்துக்கு முன் நிரலில் தான் எழுதிய குறிப்பை அவள் தேடி எடுத்தாள்: 'இந்த ஆளு வாயை மூடினா பிள்ளையாருக்கு நூத்தியெட்டுத் தேங்கா உடைக்கிறேன்.'

நிமிர்ந்தால் தெய்வநாயகம் தம் அறையிலிருந்து வந்து பின்னால் நின்று அதைப் படித்துக்கொண்டிருந்தார்.

"சார், மன்னிச்சிருங்க. இப்பவே அழிச்சிர்றேன்."

"அவசரப்படாதம்மா," என்றார். நேரில் அவர் குரல் நன்றாகத்தான் இருந்தது. "நம்ம முதலாளி போன்ல கூப்பிட்டுக் கத்தினாரு. நான் பேசுனது எதுவும் அவருக்குக் கேக்கல. ரொம்பக் கோவமா இருக்கேன்னு நினைச்சு அவரே மன்னிப்புக் கேட்டுட்டாரு. பதினோரு வருஷத்துல இதான் முதல் தடவை."

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"வா, ஆளுக்கு அம்பத்து நாலு."