மூடியிருந்த கோயில்கள்

“கோயில் மூடியிருக்கு, ஐயா. திருப்பணி நடக்குதாம். இஞ்ச இருந்தே கோபுரத்தைக் கும்பிடுங்கோ.”

வான் வண்டியை நிறுத்தாமலே சொன்னான் தயாபரன்.

சரவணமுத்துவுக்குச் சுருக்கென்றது. தீவகத்துப் பழங்கோயில்களும் கைப்பணி முற்றமும் ஒரே நாளில் காட்டுவதாக விளம்பரம் பார்த்துத்தான் இவனைப் பிடித்தார். வான் ஓடுவதும் இவன்தான், விளக்கம் சொல்வதும் இவன்தான். ஊர்காவற்றுறையில் முதல் கோயிலே இந்த இலட்சணம்.

“மூடியிருக்கெண்டால் அந்த மனிசி நெத்தி நிறையத் திருநீறோட எங்கயிருந்து வருது?”

தயாபரன் கியரை மாற்றினான்.

அரை ஆயுளைக் கனடாக் குளிருக்குக் கொடுத்தாலும், ஆசாரத்தில் ஓர் இம்மி விட்டுக்கொடுக்காத மனிதர் சரவணமுத்து. வெள்ளிக்கிழமை மச்சம் மாமிசம் தொடமாட்டார். பனி கொட்டினாலும் தலையில் வார்த்துத் தோயாமல் கோயிலுக்குப் போகமாட்டார். செத்தவீட்டுத் துடக்கு, தீட்டு என்றால் கோயில் இருக்கிற தெருவுக்கே போகமாட்டார். கூட வந்திருக்கும் மனைவி இராசேஸ்வரி இதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

இந்தப் பயணத்தில் அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. பாரிசில் அண்ணன் அரியநாயகம் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். அவருக்கு நயினாதீவு அம்மன் திருநீறு கொண்டுபோக வேண்டும். நாளைக்குப் பாரிசுக்கு விமானம். இன்றைக்கு விட்டால் இல்லை.

கோயிலுக்கு நிற்க நேரமில்லாதவனுக்கு வேலணைக் கைப்பணி முற்றத்தில் நேரம் தாராளமாக இருந்தது. மரநிழலில் பெண்கள் பனையோலையில் குட்டான் என்னும் சின்னப் பெட்டிகள் பின்னிக்கொண்டிருந்தார்கள். தயாபரன் ஓடிப்போய்க் கதிரை கொண்டுவந்து போட்டான். இளநீர் வாங்கி வந்து நீட்டினான்.

ஓலை வாசம் மூக்கில் பட்டதும் சரவணமுத்துவின் கோபம் பாதி இறங்கிவிட்டது.

“தம்பி, இந்தக் குட்டானைக் கண்டால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். சின்னனில அண்ணையும் நானும் பனங்கட்டியைக் களவாத் திண்டிட்டு, வெறுங் குட்டானைக் கட்டித் திரும்பத் தூக்கி வைச்சிட்டம். எங்கட ஐயா பிடிச்சிட்டார். அடி முழுக்க அண்ணைதான் வேண்டிக் கட்டினது. ‘சின்னவன் நித்திரை, அவனுக்கு ஒண்டும் தெரியாது’ எண்டு சொல்லிப் போட்டார்.”

“நல்ல அண்ணை, ஐயா” என்றான் தயாபரன்.

“பச்சைப் பொய், தம்பி. ஆனால் அந்தப் பொய்யிலதான் நான் தப்பினனான்.”

பனங்கட்டி அடைத்த குட்டான் ஒன்றை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். “அண்ணை இதைக் கண்டால் பாதி வருத்தம் மாறிடும், என்னப்பா?”

இராசேஸ்வரி முகம் கழுவிக்கொண்டு வருவதாக எழுந்து போனாள்.

புங்குடுதீவில் அடுத்த கோயில். உள்ளே மணி அடிப்பது வானுக்குள் கேட்டது.

“நடை மூடிட்டினம், ஐயா.”

“நடை மூடினால் மணி தானாவே அடிக்குதோ?”

“எனக்கும் முழங்கால் குத்துதப்பா. விடுங்கோ” என்றாள் இராசேஸ்வரி. கோயில் என்றால் முதல் ஆளாக இறங்குகிறவள். எல்லாரும் சேர்ந்து இன்றைக்குத் தன்னைப் பிடித்து ஆட்டுவதாகத் தோன்றியது அவருக்கு.

“அப்ப இஞ்ச இருக்கிற என்ர பழைய வீட்டையாவது காட்டும்.”

“திரும்பேக்க பாப்பம், ஐயா.”

குறிகட்டுவான் துறையில் கடல் தட்டில் ஊற்றிய தண்ணீராகக் கிடந்தது. நயினாதீவுப் படகு சனத்தை ஏற்றிக்கொண்டிருந்தது.

“நாங்கள் போறதுக்குள்ள அம்மன் கோயிலும் மூடிடுவினம், ஐயா. போய்ப் பிரயோசனமில்லை.”

சரவணமுத்து இறங்கி விறுவிறென்று நடந்தார். தயாபரன் ஓடிவந்து முன்னால் நின்று மறித்தான்.

“வெளிநாட்டுக்காரன் எண்டால் பேயன் எண்டு நினைச்சீரோ? காலமையில இருந்து வாய் திறந்தால் பொய். கோயிலுக்குப் போறவனை மறிக்கிறீரே, நீர் ஒரு மனிசனோ?”

துறையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தயாபரன் தலையைக் குனிந்துகொண்டான்.

“பேசுங்கோ, ஐயா. நல்லாப் பேசுங்கோ. இண்டைக்கு மட்டும் ஏறவேண்டாம்.”

இராசேஸ்வரி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்குள் படகு போய்விட்டது. அவருக்குக் கண் கலங்கியது. “இனி அண்ணைக்கு நான் என்னத்தைக் கொண்டுபோறது?” என்றார்.

தயாபரன் வான் கதவைத் திறந்துவிட்டான்.

திரும்பும் வழியில், சொல்லாமலே வான் அவருடைய பழைய வீட்டு ஒழுங்கைக்குள் இறங்கியது. வீட்டுக்குக் கூரை இல்லை. வளவெல்லாம் பற்றைக் காடு. கிணற்றடி மட்டும் துப்புரவாக இருந்தது. கிணறு இறைத்து, புதுக் கயிற்றில் வாளி கட்டியிருந்தது.

“ஆர் உது செய்தது?”

“நான்தான், ஐயா. காலமை ஆள் விட்டனான்.”

சரவணமுத்து ஒன்றும் விளங்காமல் கிணற்றுக் கட்டின் மேல் கை வைத்து உள்ளே எட்டிப் பார்த்தார். இந்தக் கட்டின் மேல் உட்காரவைத்துத்தான் சின்ன வயதில் அண்ணன் அவருக்குத் தலையில் தண்ணீர் வார்ப்பார்.

இராசேஸ்வரி பையிலிருந்து வேட்டியும் துவாயும் எடுத்து நீட்டினாள். “தோயுங்கோ.”

“பொழுதுபடுற நேரத்தில ஏன் தோய்ச்சல்? கோயிலுக்கெண்டால் தோயலாம். அதுதான் உந்தப் பொடியன் எல்லாக் கோயிலையும் மூடிப் போட்டானே.”

அவள் குரல் உடைந்தது.

“அவனைப் பேசாதேங்கோப்பா. நான்தான் மறிக்கச் சொன்னனான். ஒருநாளாவது நீங்கள் ஊரைச் சந்தோசமாப் பாக்கட்டும் எண்டு பேசாமல் இருந்தனான். கோயில் ஒண்டும் மூடேல்லை. உங்கட அண்ணைதான் விடியக் கண்ணை மூடிட்டார்.”