வாசனையில்லாத மாப்பிள்ளை

“சபீதாவுக்கு மாப்பிள்ளை முடிவாயிருச்சு தம்பி. பொண்ணு வீட்டுச் சீர்ல வைக்க ஒரு அத்தர் வேணும். மாப்பிள்ளைக்குன்னே கலந்ததா இருக்கணும்!”

ஜொகூர் பாருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் அமீர், வந்த வேகத்தில் இதைச் சொல்லிவிட்டு ஒரு பிஸ்கட் டின்னை மேசைமேல் வைத்தார். அத்தர் கடை சுப்ஹானுக்குப் பிடி நழுவியது. கையிலிருந்த மல்லிகைத் தைலத்தில் பாதி தரைக்குப் போயிற்று.

அமீரின் தங்கை சபீதாவுக்காக அவன் மூன்று மாதமாக ஓர் அத்தர் கலந்து வைத்திருந்தான். இன்னும் கொஞ்சம் ஊறட்டும், இன்னும் கொஞ்சம் ஊறட்டும் என்று அலமாரியில் ஒளித்திருந்தான். உண்மையில் ஊற வேண்டியிருந்தது அவனுடைய தைரியம்தான். இப்போது எல்லாம் போச்சு.

“யாரு காக்கா மாப்பிள்ளை?” அண்ணன் முறை வைத்து அமீரை அவன் அப்படித்தான் கூப்பிடுவான்.

“பேரைப் பத்திரிகையில பாத்துக்கங்க. துணி இருந்தா போதும்னு நீங்கதானே சொல்வீங்க?”

அது சுப்ஹானின் தொழில்முறை. ஆளுக்கேற்ற அத்தர் வேண்டுமென்றால், அந்த ஆள் நாள் முழுக்க உடுத்திய துணியைத் துவைக்காமல் டின்னில் அடைத்துக் கொண்டுவர வேண்டும். முகர்ந்து பார்த்துவிட்டு ரோஜாவா, அகிலா, வெட்டிவேரா என்று அவன் முடிவு செய்வான். தோட்டத்துத் துரைமார்கூட அழுக்குச் சட்டையைச் சுருட்டி அனுப்பினார்கள்.

கடல்மேல் பாலம் போட்டதிலிருந்து சிங்கப்பூர் சென்ட் புட்டிகள் ரயிலேறி வந்து குவிந்த காலம் அது. சுப்ஹான் அசரவில்லை. “அதுல ஆயிரம் பேருக்கு ஒரே வாசனை. வரப்போற காலத்துல ஆளுக்கொரு அத்தர்தான், பாருங்க லா!” என்று மலாய் ‘லா’வும் சேர்த்துத் தினமும் பத்துப் பேரிடமாவது சொல்வான்.

தொழில் தொழில்தான். டின்னைத் திறந்தான். உள்ளே உள்ளங்கை அகலத்துக்குக் கிழித்த ஒரு வெள்ளைத் துணி. மூக்கருகே வைத்து இழுத்தான். ஒன்றுமில்லை. கண்ணை மூடிக்கொண்டு இழுத்தான். பின்கட்டுக்கு ஓடி மூக்கைச் சிந்திக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி இழுத்தான்.

“காக்கா, இதுல வாசனையே இல்லையே!”

“இல்லையா? டின்னைத் திறந்ததும் எனக்கே குப்புனு அடிச்சுச்சே!”

“உங்க மூக்கு சால்னா மூக்கு. அது கிடக்கட்டும்.”

சொல்லி முடிப்பதற்குள் சுப்ஹானின் மனத்தில் ஒரு குஷி குபீரென்று கிளம்பியது. அல்லாஹ் வழி காட்டிவிட்டான். இந்தக் கல்யாணத்தை இந்தத் துணியை வைத்தே நிறுத்திவிடலாம்!

“காக்கா, மாட்டுக்கு வாசனை இருக்கு. மாட்டு வண்டிக்குக்கூட வாசனை இருக்கு. ஒரு மனுஷனுக்கு இல்லைன்னா என்ன அர்த்தம்? உழைக்காத ஆளு! வேர்த்தாத்தானே வாசனை வரும்?”

“சொந்தமாத் தொழில் பண்றாரு தம்பி. காலைல ஏழு மணிக்கே கடையைத் திறந்துடுவாரு.”

“திறந்து வச்சிட்டுத் தூங்குவான்.”

“வாய் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். மத்தபடி...”

“பாத்தீங்களா! வேலை செய்யறவனுக்கு வாய் எதுக்கு நீளுது?” சுப்ஹான் முக்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். கைகள் பறந்தன. “உப்பில்லாப் பண்டம் குப்பையிலேம்பாங்க. வாசனையில்லாத மாப்பிள்ளையும் அங்கதான் போகணும். இவனுக்கு என்னத்த அத்தர் கலக்கறது? வெறும் தண்ணியை ஊத்தித் தரவா?”

“அலமாக்!” என்று மலாயில் ஐயோ போட்டு அமீர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அவருடைய தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று சுப்ஹானுக்கு இரக்கமாகக்கூட இருந்தது. ஆனாலும் விடுவதாக இல்லை.

“அப்போ இந்த இடம் வேணாம்ங்கிறீங்க?” என்றார் அமீர், துண்டுக்குள்ளிருந்தே.

“வேணவே வேணாம்!”

“சபீதாவுக்கு அவரை ரொம்பப் பிடிச்சிருக்கே. பேரைக் கேட்டதுலேர்ந்து அடுப்படியில பாட்டுத்தானாம். உம்மா சொன்னாங்க.”

பாட்டா! சுப்ஹானுக்கு வயிறு எரிந்தது. “அது வெகுளி காக்கா, அதுக்கு என்ன தெரியும்? நீங்கதான் எடுத்துச் சொல்லணும். மூத்தவருன்னு எதுக்கு இருக்கீங்க?”

“நான் எப்படித் தம்பி சொல்றது? ரெண்டு வீட்டுப் பெரியவங்களும் பேசி முடிச்சிட்டாங்களே.”

“உங்களுக்குச் சங்கடம்னா நான் சொல்றேன்! எனக்கென்ன பயம்? ‘டேய், நீ சபீதாவுக்கு லாயக்கில்லைடா’ன்னு அவன் மூஞ்சிக்கு நேரா கேட்டுர்றேன்!”

“நிசமாவே கேப்பீங்களா?”

“கொண்டுவாங்க காக்கா அவனை!” சுப்ஹான் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டான்.

அமீர் எழுந்தார். சுவரில் தொங்கிய முகம் பார்க்கும் கண்ணாடியைக் கழற்றி, சுப்ஹானின் மூஞ்சிக்கு நேராகப் பிடித்தார்.

“இந்தா வந்துட்டாரு, கேளுங்க. துணி, நீங்க டோபி காளியப்பன்கிட்ட வெளுக்கப் போட்ட சட்டையில, வெளுக்கறதுக்கு முந்தியே கிழிச்சது. அவங்கவங்க வாசனை அவங்கவங்க மூக்குக்குத் தெரியாதுல்ல! சம்மதக் கடுதாசி, கீழக்கரையிலேர்ந்து உங்க வாப்பா கப்பல்ல அனுப்பி நேத்து வந்தது, மாப்ளே!”