ஒரு தடவைகூட விரியாதது

“அந்தம்மா காலையிலேருந்து இந்த வண்டியையேதான் சுத்திச் சுத்தி வர்றாங்க. உனக்கு வேணாம்னா சொல்லிடு தம்பி, அவங்களுக்குக் கொடுத்துடறேன்,” என்றார் கடைக்காரர்.

டாக்சிக்காரர் திரும்பிப் பார்த்தார். மூக்கு நசுங்கிய வெள்ளைக் காருக்கு அந்தப் பக்கம், கைப்பையை மார்போடு அணைத்தபடி ஓர் அம்மாள் நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும். அவருக்கு அவசரம் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

பழைய வண்டிகளைப் பிரித்து உதிரியாக விற்கிற கடை அது. வண்டி மோதினால் ஸ்டியரிங்கிலிருந்து விரிந்து ஓட்டுபவரைத் தாங்கும் பையை ஏர்பேக் என்று சொல்லி அங்கே யாரும் வாயைச் சிரமப்படுத்திக்கொள்வதில்லை. எல்லாருக்கும் அது பலூன்தான்.

டாக்சிக்காரரின் வண்டிக்குப் பதினேழு வயது. பலூன் சரியில்லை என்று சொல்லும் சிவப்பு விளக்கு அதில் மூன்று மாதமாக எரிந்துகொண்டிருந்தது. விளக்கைப் பார்த்து வண்டிச் சோதனை அலுவலகத்தில் இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். நாளை மறுநாளும் திருப்பி அனுப்பினால் டாக்சி ஓட்ட அனுமதி போய்விடும், அப்புறம் வீட்டில் அடுப்பு எரியாது. கம்பெனியிலோ, அந்தக் காலத்து மாடலுக்கெல்லாம் இப்போது பலூன் வருவதில்லை என்று கையை விரித்துவிட்டார்கள்.

போதாக்குறைக்குப் போன மாதம் வேறொரு கடையில் ஏமாந்திருந்தார். மாட்டிய ஒரே வாரத்தில் விளக்கு மறுபடி எரிய, மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒரு கிழிந்த துண்டு. ஏற்கெனவே வெடித்து விரிந்த பலூனை வெட்டி எறிந்துவிட்டு, துண்டைத் திணித்து ஒட்டியிருந்தான் அந்தப் புண்ணியவான்.

“விரிஞ்சதை மடிச்சு வெச்சுத் தலையில கட்டிடாதீங்கண்ணே. இதுக்கு மேல என்னால தாங்க முடியாது.”

“நீயே பாரு. தையல் பிரிஞ்சிருக்கா? ஒட்டு வேலை தெரியுதா? வண்டிக்கு முன்பக்கம்தான் போச்சு, உள்ள ஒரு கீறல் கிடையாது. இந்தப் பலூன் ஒரு தடவைகூட விரியல. என் பிள்ளைங்க மேல சத்தியம்.”

டாக்சிக்காரர் செல்போன் வெளிச்சத்தில் மூடியின் ஓரத்தை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தார். பசை இல்லை, தீய்ந்த வாடையும் இல்லை. பெண் பார்க்கப் போனபோதுகூட அவர் இவ்வளவு உன்னிப்பாகப் பார்த்ததில்லை.

அதற்குள் அந்த அம்மாள் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையின் கதவைப் பிடித்து, லேசாக மேலே தூக்கி வெளியே இழுத்தார். கதவு திறந்துகொண்டது. உள்ளே போய் உட்கார்ந்தார்.

“அட, நேத்து நான் கடப்பாரை போட்டும் திறக்காத கதவு,” என்றார் கடைக்காரர். பிறகு டாக்சிக்காரரின் காதோரம் குனிந்தார். “சீட்டையும் சேர்த்துக் கேட்பாங்க போலிருக்கு. சீக்கிரம் முடிவு பண்ணு.”

டாக்சிக்காரர் செல்போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். “கழட்டுங்கண்ணே, நானே எடுத்துக்கறேன்.”

கடைக்காரரின் கை வேகமானது. பேட்டரி வயரைப் பிடுங்கிவிட்டு, கால் மணி நேரத்தில் பலூனைக் கழற்றி எடுத்தார். வாசலில் நின்ற டாக்சியின் ஸ்டியரிங்கில் அதைப் பொருத்தினார். சாவியைத் திருகியதும் சிவப்பு விளக்கு எரிந்தது. ஆறு எண்ணுவதற்குள் அணைந்தது, மறுபடி எரியவில்லை.

டாக்சிக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று மாதமாக அந்தச் சிவப்புப் புள்ளியைப் பார்த்துப் பார்த்துத் தூக்கம் கெட்ட மனிதர் அவர். அணைந்த இடத்தை விரலால் ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ஜன்னலோரம் நிழல் விழுந்தது. அந்த அம்மாள் வந்து நின்றிருந்தார்.

“கோவிச்சுக்காதீங்கக்கா. நான்தான் முதல்ல கேட்டேன். எனக்கு இது பிழைப்பு,” என்றார் டாக்சிக்காரர். குரலில் கொஞ்சம் பயம் இருந்தது.

“நீங்கதான் ஓட்டுவீங்களா?”

“ஆமாக்கா. சவாரி இல்லாத அன்னிக்கு வீட்டுக்காரியைக் கூட்டிட்டுப் போவேன். பக்கத்துல உட்கார்ந்துகிட்டு மெதுவாப் போங்க, மெதுவாப் போங்கன்னு உயிரை எடுப்பா.”

அந்த அம்மாளின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்த சுவடு தெரியாமல் மறைந்தது. “நானும் அப்படித்தான் சொல்வேன்,” என்றார்.

கடைக்காரர் குறுக்கே புகுந்தார். “அம்மா, இதே மாதிரி இன்னொண்ணு வந்தா உங்களுக்குப் போன் பண்றேன். இதைத் தம்பி எடுத்துட்டாரு. பார்த்தீங்கல்ல, லைட்டே அணைஞ்சிடுச்சு. ஒரு தடவைகூட விரியாத சரக்கு.”

அந்த அம்மாள் கைப்பையைத் திறந்து மூடினார். உள்ளே தூசி படிந்த ஒரு மூக்குக் கண்ணாடிக் கூடு தெரிந்தது. அந்த வெள்ளைக் காரில் இருந்துதான் எடுத்திருக்க வேண்டும்.

“எனக்குப் பலூன் வேணாம்,” என்றவர், டாக்சிக்காரரைப் பார்த்தார்.

“இவர் பொய் சொல்லல தம்பி. இது ஒரு தடவைகூட விரியல. என் வீட்டுக்காரர் நெஞ்சு இதுல போய் மோதினப்பகூட.”