கன்னச் சிவப்பு

பிலடெல்பியாவின் அச்சகம் ஒன்றில், கல்லில் வரைந்து கறுப்பாக அச்சடித்து வரும் ராணுவ அதிகாரிகளின் படங்களுக்குப் பெண்கள் கையால் வண்ணம் போடுவார்கள். ஒருத்திக்கு ஒரு நிறம்தான். கோட்டு நீலம் ஒருத்திக்கு, பொத்தானின் பொன்னிறம் இன்னொருத்திக்கு. கன்னச் சிவப்பு நோராவின் வேலை. முகம் நன்றாகக் காய்ந்த பிறகு, கடைசியாகக் கண்.

போரில் பெயரெடுத்துச் செத்தவரின் படம் மறுவாரமே கடைக்குப் போயாக வேண்டும். இந்த வாரம் செத்தவன் கேப்டன் டேனியல் ரியர்டன், நோராவின் ஒரே மகன். அவனுக்குப் படம் எதுவும் இல்லை. அதனால் முதலாளி, போன வருடம் செத்த கர்னல் ஒருவரின் படம் வரைந்த கல்லை எடுத்து, பெயரை மட்டும் சுரண்டி மாற்றச் சொல்லிவிட்டார்.

முதல் தாளைக் கண்டதும் நோரா எழுந்து முதலாளியிடம் போய், "இது என் பிள்ளை இல்லீங்க," என்றாள்.

"வாங்குறவனுக்கு அது தெரியவா போகுது? போய் உக்காரும்மா."

உட்கார்ந்தாள். அவன் பெயர் போட்ட தாளை வேறு யாரிடமும் விட மனம் வரவில்லை. முதல் நாள், நீ இல்லை, நீ இல்லை என்று ஒவ்வொரு தாளிடமும் சொல்லிக்கொண்டே கன்னத்தைத் தொட்டாள். மறுநாள் அதைச் சொல்ல மறந்துபோனது. மூன்றாம் நாள் ஈரத்தை ஊதிவிட்டு, "போடா கண்ணா," என்று தாளைத் தள்ளி வைத்தாள்.

அன்று சாயங்காலம் கண் போடுகிற கிளாரா பக்கத்தில் வந்து நின்றாள். "உங்க பையனுக்குக் கண்ணு என்ன நிறம், மிசஸ் ரியர்டன்? அதையாவது சரியாப் போட்டுடுறேன்."

நோரா மகனின் முகத்தை நினைத்துப் பார்த்தாள். தாளில் இருந்த முகம்தான் வந்தது. கையிலிருந்த தாளைக் குனிந்து பார்த்தாள். அதில் கண் இன்னும் வெள்ளையாகத்தான் இருந்தது.