இடது தோள்

பேத்தியைப் பள்ளியில் சேர்க்க வந்த மாசிலாமணி, அவளுடைய தடுப்பூசி அட்டை தொலைந்துவிட்டதாகத் தலைமையாசிரியையிடம் சொன்னார். "ஆனா ஒரு ஊசிகூட விடலம்மா. எங்க குடும்பத்துல சொன்னா சொன்னதுதான்." பேத்தி பிறந்தபோது ஊசி போட வந்த நர்ஸை வாசலிலேயே திருப்பி அனுப்பியவர் அவர்தான்.

"அட்டை கிடக்கட்டும்யா. பொறந்ததும் போடுற ஊசியோட தழும்பு இடது தோள்ல இருந்தா போதும்," என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பள்ளி நர்ஸ். "இல்லாட்டியும் பரவால்ல, விட்டுப்போனத இங்கயே போட்டுடலாம்."

தங்கள் பிள்ளைகளைச் சேர்க்க வரிசையில் பின்னால் நின்ற சொந்தக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். மாசிலாமணியின் கை பேத்தியின் இடது தோளை மூடிக்கொண்டது.

"கைய எடுத்தாத்தானே பாக்க முடியும்?" என்று நர்ஸ் சிரித்தாள்.

அவரால் எடுக்க முடியவில்லை.

"வலிக்குது தாத்தா, விடுங்க," என்றாள் குழந்தை.

அவர் யாரையும் பார்க்காமல் இன்னும் அழுத்திப் பிடித்தார்.